அமிழும் தட்டு எரிமலையும் வெப்பப்புள்ளி எரிமலையும்

இந்த இருவகை எரிமலைகளிலும் பாறைதான் உருகுகிறது. உருகும் காரணம் வேறு. பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலைக்கு அடியில் கடல்தட்டு, அதாவது கடலடிப் பாறைத் தகடு, பூமிக்குள் அமிழ்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் அதன் கனிமங்களிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள கவசப் பாறையின் (புவி ஓட்டுக்குக் கீழுள்ள அடுக்கின்) உருகுநிலையைக் குறைக்கிறது. உராய்வுச் சூட்டில் தட்டே உருகுகிறது என்று பலர் நினைப்பது தவறு. மேலேறும் குழம்பில் சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) 60 சதவீதத்தைத் தாண்டினால் அது பிசுபிசுக்கும். வாயுக் குமிழிகள் தப்ப வழியின்றி அழுத்தம் ஏறும், வெடிக்கும். 1991இல் பினாடுபோவில் நடந்தது அதுதான்.

வெப்பப்புள்ளி எரிமலைகள் உள்ள ஹவாயில் தட்டு விளிம்பே இல்லை. ஆழத்திலிருந்து எழும் சூடான பாறை, அழுத்தம் குறைவதால் உருகுகிறது. சிலிக்கா சுமார் 50 சதவீதம். 1,150 பாகை செல்சியஸில் குழம்பு எளிதாக வழிந்தோடும். சூடான பாறை எழும் இந்த வெப்பப்புள்ளியின் மேல் பசிபிக் தட்டு நகர நகரத் தீவுகள் வரிசையாகப் பிறக்கின்றன. வடமேற்கே போகப் போக வயது கூடும்.