சிவப்புத்தோல் உருளைக்கிழங்கு: மூன்று வருடம் சமைத்துப் பார்த்ததில்

முதலில் வாங்கியது நிறத்தைப் பார்த்துத்தான். மூன்று வருடமாக விடாமல் வாங்குவதற்குக் காரணம் வேறு: இந்தக் கிழங்கு வெந்த பிறகும் நறுக்கிய வடிவத்திலேயே நிற்கிறது. மாவுச்சத்து குறைவு, ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு சீக்கிரம் உடைந்து கரைவதில்லை. கையில் இருக்கும் கிழங்கு எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால், 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்து அதில் போட்டுப் பாருங்கள். மாவுக் கிழங்கு மூழ்கும், இது மிதக்கும்.

சாலட்டுக்கு இதை மிஞ்ச வேறு கிழங்கு இல்லை என்பேன். தோலோடு முழுசாகப் பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்புச் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும் முன் வெளிப்பக்கம் குழைந்துவிடும். முட்டை அளவுக் கிழங்கு என்றால் கொதி வந்த பிறகு 15 முதல் 20 நிமிடம். மெல்லிய கத்தியால் குத்தித் தூக்கினால் கிழங்கு தானாக நழுவி விழ வேண்டும். அதுதான் பதம். தண்ணீரை வடித்துவிட்டு அதே சூடான பாத்திரத்தில் இரண்டு நிமிடம் விடுங்கள், மேல் ஈரம் காயட்டும். அப்புறம் கை பொறுக்கும் சூட்டிலேயே நறுக்கி, முதலில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தெளிக்க வேண்டும். சூடாக இருக்கும்போதுதான் புளிப்பு உள்ளே இறங்கும். எண்ணெய் அதற்குப் பிறகு. மயோனைஸோ தயிரோ சேர்ப்பதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக, ஆறிய கிழங்கில் கலந்துகொண்டிருந்தேன். மேலே ருசி இருக்கும், கடித்தால் உள்ளே சப்பென்று இருக்கும்.

வேகும்போது தோலின் சிவப்பு மங்கும். அந்த நிறமி தண்ணீரில் கரையக்கூடியது. முழுசாக வேகவைத்தால் ஓரளவு தங்கும்.

ஸ்டூவுக்கும் இதுதான். காய், இறைச்சி எல்லாம் கொதிக்கும்போது இதுவும் கூடவே கொதிக்கலாம், சாறு கலங்காது. ஆனால் தக்காளி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை தக்காளியை முதலிலேயே நிறையச் சேர்த்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியும் கிழங்கு நறுக்கென்று கடிபட்டது. காய்ச் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பு இருந்தால் எளிதில் இளகாது, அதனால் வந்த வினை. இப்போது கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகுதான் தக்காளி.

ஓவனில் சுட்டால் நல்ல துணை உணவு. இரண்டாக வெட்டி, எண்ணெய், உப்பு புரட்டி, வெட்டிய முகம் தட்டில் படும்படி அடுக்கி, 220 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் போல. அடிப்பக்கம் பொன்னிறமாகும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். கோழித் துண்டுகளோடு ஒரே தட்டில் வைத்தால் அதுவே முழுச் சாப்பாடு. மாவுக் கிழங்கின் மொறுமொறுப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மசியலுக்கு வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி இழுக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. தோலோடு கரண்டியால் கட்டியும் முட்டியுமாக நசுக்கினால் சரி. நீள வறுவலுக்கும் நான் எடுப்பதில்லை, சீக்கிரம் நமுத்துவிடுகிறது.

வைத்திருப்பதில் ஒரு கவனம் தேவை. இருட்டான, காற்றோட்டமான இடம் போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சுடும்போது சீக்கிரம் கறுத்துவிடும். வெளிச்சத்தில் கிடந்த கிழங்கு பச்சை பூக்கும். அந்தப் பச்சை நஞ்சில்லை, ஆனால் கூடவே சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது. வெள்ளைத் தோலில் பச்சை உடனே தெரியும், சிவப்புத் தோலில் ஒளிந்துகொள்ளும். அதனால் நறுக்கும் முன் ஒவ்வொரு கிழங்கையும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கிறேன். கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எடுத்துவிடுவேன். நிறைய இருந்தாலோ கசந்தாலோ முழுக் கிழங்கும் குப்பைக்குத்தான்.