காகமா, குருவியா, கடல்காகமா: மங்கா உலகின் தூதுப் பறவைகள்

டீமன் ஸ்லேயர் என்ற மங்காவில் (ஜப்பானியப் படக்கதை) ஃபுஜிகசானே மலைக்குள் ஏழு நாள் உயிரோடு தாக்குப்பிடித்தால் அரக்கர்களை வேட்டையாடும் படையில் சேரலாம். சேர்ந்தவர்களுக்கு வாள் தயாராகிக் கைக்கு வரப் பல நாட்கள் ஆகும். காகம் மட்டும் அங்கேயே, அப்போதே தோளில் வந்து உட்கார்ந்துவிடும். கசுகாய் காகம் என்று பெயர். மனிதரைப் போலப் பேசும்.

பேசும் என்றால் சும்மா இல்லை, காது கிழியப் பேசும். ஒரு வேலை முடிந்து கதாநாயகன் தஞ்சிரோ மூச்சு வாங்குவதற்குள் "தென் தென்கிழக்கு! தென் தென்கிழக்கு!" என்று தலைக்கு மேலே கத்த ஆரம்பித்துவிடுகிறது. கொஞ்சம் வாயை மூடு என்று அவன் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இதற்குப் போட்டியாகக் கடற்கொள்ளையர் கதையான ஒன் பீஸில் இருப்பது நியூஸ் கூ. தலையில் தொப்பி, கழுத்தில் பை, பைக்குள் செய்தித்தாள். இந்தக் கடல்காகம் பேசாது, காசு வாங்கிக்கொண்டு பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். விலையை ஏற்றியதற்கு லூஃபியின் கூட்டாளி நாமி அதனிடம் சண்டை போடும் இடம் ஒன்று உண்டு. கதாநாயகன் லூஃபியின் தலைக்கு 3 கோடி பெரி (அந்த உலகின் பணம்) விலை வைத்த முதல் நோட்டீஸ் வருவதும் அந்தப் பேப்பரோடுதான். நிஞ்சா கதையான நருடோவின் பருந்துகள் மூன்றாவது வகை: காலில் ஓலையைக் கட்டிவிட்டால் பறந்துபோய்ச் சேரும், அவ்வளவுதான். வேகத்தைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

பேசுகிற பறவையால் என்ன லாபம் என்பதற்கு நதகுமோ மலைக் காட்சி ஒன்றே போதும். தஞ்சிரோவின் தங்கை நெசுகோ அரக்கியாக மாறியவள். அவளை வெட்ட வாளை ஓங்கியபடி படை வீராங்கனை கனாவோ துரத்துகிறாள். இன்னொரு பக்கம் அதே படையின் ஷினோபுவை சக வீரன் கியூ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் மேலிருந்து காகத்தின் குரல்: தஞ்சிரோ, நெசுகோ இருவரையும் பிடித்துத் தலைமையகத்துக்குக் கொண்டு வர வேண்டும்! வாயில் மூங்கில் கவ்விய பெண் என்று அடையாளமும் சொல்கிறது. ஓங்கிய வாள் அப்படியே நிற்கிறது. இதே உத்தரவு பருந்தின் காலில் வந்திருந்தால்? கனாவோ வாளைக் கீழே வைத்து, முடிச்சை அவிழ்த்து, இருட்டில் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கதையே முடிந்திருக்கும். இரண்டு கையும் வாளில் இருப்பவருக்குக் காதுதான் காலி.

ஆனால் வாய் இருந்தால் உளறலும் உண்டு. அதே படையின் வீரன் முயிச்சிரோவின் காகம் கின்கோவுக்கு எஜமானைப் பற்றி ஏகப் பெருமை. சூரிய மூச்சு என்ற வாள்வித்தையைக் கையாண்டவர்களின் வழித்தோன்றல் அவன் என்று, யாரும் கேட்காமலே தஞ்சிரோவிடம் அளந்துவிடுகிறது. கியூவின் காகம் கன்சபுரோ கிழடு தட்டிப் போனது, அடிக்கடி தடுமாறும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் கடல்காகமே மேல். கடற்படைத் தலைமையகமான மரைன்ஃபோர்டில் லூஃபி கையில் '3டி' என்று எழுதி அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் '2ஒய்' என்று போட்டுக்கொண்டான். அந்தப் படம் பேப்பரில் வந்தது. உலகமே பார்த்தது. மூன்று நாள் இல்லை, இரண்டு வருடம் கழித்துச் சந்திப்போம் என்று புரிந்துகொண்டவர்கள் திசைக்கொருவராகச் சிதறிக் கிடந்த அவன் கூட்டாளிகள் மட்டும்தான். எதைச் சுமக்கிறோம் என்றே தெரியாத பறவையிடமிருந்து எதையும் கறக்க முடியாது.

தஞ்சிரோவின் நண்பன் செனிட்சுவுக்குக் கிடைத்தது காகமே இல்லை, குருவி. சுந்தாரோ என்று கூப்பிடுகிறான். அதற்கு மனிதர் பேச்சு வராது, அது சொல்வது தஞ்சிரோவுக்குப் புரிந்துவிடுகிறது. எஜமான் வேலைக்குப் போகாமல் அழுகிறான் என்று பாவம் அது வழியில் போகிறவனிடம் புகார் சொல்ல வேண்டியிருக்கிறது! தூதுப் பறவையாக மதிப்பெண் போட்டால் தேறாது. சிரிப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

ஜப்பானுக்கு இதெல்லாம் புதிதில்லை. கி.பி. 712-இல் எழுதி முடித்த கொஜிகி என்ற புராண நூலிலேயே ஜிம்மு பேரரசருக்கு வழிகாட்டிய யதகராசு என்ற காகம் வருகிறது. ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் மூன்று காலோடு நிற்பது அதுதான். இன்னும் பொருத்தமான ஆள் அதே நூலில் இருக்கிறது: நகிமே என்ற பெண் காட்டுக்கோழி. மண்ணுலகுக்குப் போன தூதன் எட்டு வருடமாகத் திரும்பவில்லை, ஏன் என்று கேட்டுவர தேவர்கள் அதை அனுப்புகிறார்கள். அவன் வீட்டு வாசல் மரத்தில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறது. குரலே சரியில்லை என்று பக்கத்திலிருந்தவள் தூண்டிவிட, அவன் அம்பெய்து கொன்றுவிடுகிறான். தூது சொன்னவருக்கே தண்டனை.

டீமன் ஸ்லேயரின் கடைசிப் பகுதியில் முடிவிலிக் கோட்டையை ஆட்டிவைக்கும் அரக்கிக்கும் நகிமே என்றே பெயர். (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) அவள் பிவா என்ற வாத்தியத்தின் நரம்பைத் தட்டினால் அறைகள் இடம் மாறும், மனிதர்கள் திசை தெரியாமல் விழுவார்கள். அங்கே பறக்கும் காகங்கள் தஞ்சிரோ பக்கம் நிற்கும் அரக்கன் யூஷிரோவின், கண் வரைந்த மந்திரத் தாளைச் சுமக்கின்றன. அவை பார்ப்பதை வெளியே இருக்கும் படைத் தலைவன் கிரியாவும் தங்கைகளும் பார்த்து வரைபடம் போடுகிறார்கள். போகவேண்டிய வழியைக் காகமே வாய்விட்டுச் சொல்கிறது. பார்ப்பதும் சொல்வதும் ஒரே பறவை என்பதால் வரைபடம் பழசாவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. பருந்தையோ கடல்காகத்தையோ இங்கே விட்டுப் பார்க்கக்கூட முடியாது.

சண்டைக்குப் போகிறவன் நானாக இருந்தால் தஞ்சிரோவின் காகத்தையே கேட்பேன், கத்தினாலும் பரவாயில்லை. தஞ்சிரோவும் நண்பர்கள் இருவரும் விலா எலும்பு உடைந்து கிடக்கும்போது "காயம் ஆறும்வரை ஓய்வு!" என்று உத்தரவு போடுவதும் அதுதான். இதுவரை அடிபட்ட உடம்போடுதானே சண்டை போட்டேன், இப்போது மட்டும் ஓய்வெடுக்கலாமா என்று தஞ்சிரோ கேட்கிறான். அதற்கு அந்தப் பறவை "கெக்கே" என்று ஒரு சிரிப்பு சிரிக்கும் பாருங்கள்.