திருகோணமலையில் பெரிய ஒப்பரேசனுக்கு முன்: கிளினிக்கா, சனலா, கண்டியா?

பெரிய ஒப்பரேசனுக்கு நாள் குறிக்கப்பட்டவர் திருகோணமலையில் இருந்துகொண்டு மூன்று வழிகளில் சத்திரசிகிச்சை நிபுணருடன் பேசலாம். ஒன்று மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக். இன்னொன்று டவுனில் மாலையில் நம்பர் எடுத்துத் தனியாகப் பார்க்கும் சனல். மூன்றாவது கண்டி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று போய் எடுக்கும் இரண்டாவது அபிப்பிராயம். இந்த டொக்டரை நம்பி மேசையில் படுக்கலாமா என்று தீர்மானிக்க எந்த வழி எவ்வளவு உதவும் என்பதை மட்டும் வைத்து மூன்றையும் இங்கே எடைபோடுகிறோம்.

நம் ஊரில் முதலில் விசாரிப்பது கைராசி. கைக்குக் கை வித்தியாசம் இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் மிச்சிகனில் 20 சத்திரசிகிச்சை நிபுணர்கள் உடற்பருமனுக்குச் செய்த ஒப்பரேசன்களின் வீடியோவை, யார் செய்தது என்று சொல்லாமல் சக நிபுணர்களுக்குக் காட்டிப் புள்ளி போடச் சொன்னார்கள். 2013இல் வெளிவந்த முடிவின்படி, கடைசிக் கால்வாசியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 வீதமானோருக்குச் சிக்கல் வந்தது. முதற் கால்வாசியில் அது 5.2 வீதம்.

ஆனால் அந்த வீடியோ எந்த நோயாளியின் கைக்கும் வராது. விசாரித்து அறியக்கூடிய இன்னொன்று இருக்கிறது. அமெரிக்க வைத்தியசாலைகளை இறப்பு வீதத்தின்படி தரம் பிரித்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், நல்ல இடத்திலும் மோசமான இடத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிக்கல் வந்திருந்தது. பெரிய சிக்கல் வந்தவர்களில் நல்ல இடத்தில் இறந்தவர்கள் 12.5 வீதம், மற்ற இடத்தில் 21.4 வீதம். சிக்கலை நேரத்துக்குக் கண்டுபிடித்து ஆளை மீட்டதில்தான் இந்த வித்தியாசம். குடலை வெட்டித் தைத்த இடம் கசிவதென்றால் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் கசியும். நாடித்துடிப்பு ஏறும், காய்ச்சல் வரும், வயிறு கல்லாகும். அந்த இரவு இரண்டு மணிக்கு வாட்டில் யார் நிற்பார், அவர் யாருக்குப் போன் எடுப்பார் என்பதைத்தான் முன்கூட்டியே அறிய வேண்டும்.

இந்த அளவுகோலில் அரச கிளினிக்குக்கு நாங்கள் கூடுதல் புள்ளி தருவோம். அங்கே பார்க்கும் நிபுணர் அந்த வாட்டுக்கே பொறுப்பானவர். இரவிலும் வைத்தியர் கடமையில் இருப்பார், இரத்த வங்கியும் மயக்க மருந்துப் பிரிவும் அதே வளவுக்குள். செலவும் இல்லை. குறை, நேரம். சனக்கூட்டத்துக்குள் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் கேள்விகளை ஒரு தாளில் நாலு வரியாக எழுதிக்கொண்டு போங்கள். இந்த ஒப்பரேசனால் எனக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? டொக்டருக்குத் தமிழ் வராது என்றால் அதே நாலு வரியைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்து நீட்டலாம், அல்லது மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகலாம். “சரி சரி” என்று தலையாட்டிவிட்டு வருவதைப்போல ஆபத்தான காரியம் இதில் வேறில்லை.

கிளினிக்கில் கட்டாயம் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. கத்தியைப் பிடிப்பது நிபுணரா, பயிற்சியில் உள்ள வைத்தியரா? பயிற்சி வைத்தியர் செய்வதில் பிழையில்லை, நிபுணர் தியேட்டருக்குள் நிற்கிறாரா என்பதே முக்கியம். மற்றது இடமாற்றம். நிபுணர்கள் மாறிப் போவது நம் பக்கம் வழமை; 2022க்குப் பிறகு வெளிநாடு போனவர்களும் நிறைய. இரண்டு கட்டமாகச் செய்யும் ஒப்பரேசன் என்றால், உதாரணமாகக் குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துவிட்டுச் சில மாதம் கழித்து உள்ளே வைப்பதென்றால், இரண்டாம் கட்டத்தை யார் செய்வார் என்று இப்போதே கேளுங்கள்.

சனலில் ஆறுதலாகப் பேசலாம், டொக்டரை நாமே தெரிவு செய்யலாம். அதற்காக நூற்றுக்கு 60 புள்ளி தரலாம். மீதி 40 குறைவது, நிபுணர் வெளியூரில் இருந்து வந்து போகிறவராக இருந்தால். சனிக்கிழமை தனியார் தியேட்டரில் ஒப்பரேசன், ஞாயிறு பின்னேரம் டொக்டர் பயணம் என்றால், செவ்வாய் இரவு வயிறு வீங்கும்போது யார்? “டொக்டர், ஒப்பரேசனுக்குப் பிறகு எத்தனை நாள் ஊரில இருப்பீங்க? நீங்க இல்லாத நேரம் யார் பார்ப்பாங்க?” என்று நேரே கேளுங்கள். ஓர் ஆளின் பெயரைச் சொன்னால் அது பதில். “ஒண்டும் நடக்காது, பயப்படாதீங்க” என்பது பதிலில்லை. அந்த இடத்தில் ஐ.சி.யூ. கட்டில் இல்லாவிட்டால் ஆளை எங்கே மாற்றுவார்கள், எந்த அம்பியூலன்சில் என்பதையும் கேளுங்கள். விலை கேட்கும்போது டொக்டர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், உள்ளே பொருத்தும் வலை அல்லது செயற்கை மூட்டு, அறை என்று பிரித்துக் கேட்டு, சிக்கலால் நாள் நீண்டால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதைப் பித்தப்பைக் கல்லை வைத்துச் சொல்லலாம், அடிக்கடி நடக்கும் ஒப்பரேசன் அதுதான். சிறு துளை வழியே செய்யும் லப்பரஸ்கோப்பியில் பயப்பட வேண்டிய சிக்கல், பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக் குழாயை வெட்டிவிடுவது. ஆயிரத்தில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு இந்தக் குழாயில் காயம் ஏற்படலாம். வீக்கமும் ஒட்டலும் இருக்கும்போது இரண்டு குழாயும் ஒன்றாய்த் தெரிவதே காரணம். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள்தான் போகின்றன, ஒன்று குழாய், மற்றது நாடி என்று கண்ணால் கண்ட பிறகே கிளிப் போடுவது முறை. “தெளிவாத் தெரியாட்டி என்ன செய்வீங்க?” என்று கேட்டால், நம்பத்தக்க நிபுணர் தயங்காமல் சொல்வார்: வயிற்றைத் திறப்பேன், அல்லது பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வருவேன், அல்லது இன்னொரு நிபுணரைக் கூப்பிடுவேன். துளை வழியே தொடங்கியதைத் திறந்து முடித்தால் நம்மவர்கள் ‘பிழைச்சுப் போச்சு’ என்பார்கள். பல நேரம் அதுதான் உயிரைக் காத்த முடிவு. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கையே கைராசியான கை.

தகுதி பார்ப்பது சுலபம். இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். இங்கே நிபுணராவதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. (முன்பு எம்.எஸ்.) தேறி, மேற்பயிற்சிக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் நிபுணத்துவச் சான்று (போர்ட் சேர்ட்டிபிகேசன்) பெற வேண்டும். பெயருக்குப் பின்னால் எம்.ஆர்.சி.எஸ். என்று மட்டும் இருந்தால் அது தொடக்கநிலைப் பரீட்சை. அதை வைத்து நிபுணர் என்று எடுக்கக் கூடாது.

இரண்டாவது அபிப்பிராயத்துக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போவது எல்லோருக்கும் தேவைப்படாது. ஹேர்னியாவுக்கு (குடலிறக்கம்) அலைவது வீண். கணையம், உணவுக்குழாய், ஈரல், மலக்குடல் புற்றுநோய் என்றால் போகத்தான் வேண்டும். 2002இல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கில், கணையத்தை வெட்டும் ஒப்பரேசன் மிக அரிதாக நடக்கும் வைத்தியசாலைகளில் இறப்பு 16.3 வீதம், மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8. “போன வருசம் இங்க இது எத்தனை செய்தீங்க?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. போகும்போது ஸ்கான் ரிப்போட் மட்டும் போதாது, சீடியையும் கொண்டுபோங்கள். படத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் நிபுணர் முடிவு சொல்ல மாட்டார். பயொப்சி (சதைத் துண்டுப் பரிசோதனை) எடுத்திருந்தால் அந்த ரிப்போட்டும், முடிந்தால் கண்ணாடித் தகடும் வேண்டும். முதல் டொக்டர் சொன்னதை முதலிலேயே ஒப்புவிக்காமல், புதியவர் தன் கருத்தைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லாத நோய்களும் உண்டு. உள்ளே போகாமல் இறுகி வலிக்கும் ஹேர்னியா, வெடித்த குடல்வால், ஓட்டையான இரைப்பைப் புண். இவற்றில் மணித்தியாலக் கணக்கில் குடல் சாகும், கிருமி பரவும். 1990 அம்பியூலன்சுக்கு அழைத்துப் பக்கத்து வைத்தியசாலைக்குப் போவதே சரி.

டொக்டரை எடைபோட எங்களுக்குப் பிடித்த சோதனை குளிசைப் பை. வீட்டில் குடிக்கும் அத்தனை மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மேசையில் வையுங்கள். கவனமானவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோப்பிடோகிரல் இருந்தால் இரத்தம் எளிதில் நிற்காது, வழமையாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் போட்டவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம், இதய நிபுணரைக் கேட்டே செய்ய வேண்டும். எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் போன்ற சீனிக் குளிசைகளை 3 நாள் முன் நிறுத்தாவிட்டால், சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் இரத்தம் அமிலமாகலாம்; சீனி அளவு சாதாரணமாகத் தெரியும் என்பதால் பலர் கவனிக்கத் தவறுவது இது. சீனியின் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 8.5க்கு மேல் என்றோ இரத்தம் குறைவு என்றோ அவசரமில்லாத ஒப்பரேசனைத் தள்ளிப்போடும் டொக்டர்மேல் கோபிக்காதீர்கள். காயம் ஆறாமல் போகும் என்று தெரிந்து தள்ளுகிறார். பையைத் திரும்பியும் பாராமல் திகதி தருபவரிடம் யோசியுங்கள்.

பட்டினி பற்றி மயக்க மருந்து நிபுணர் சொல்வதே கடைசிச் சொல். பொது விதி: சாப்பாடும் பால்தேத்தண்ணியும் 6 மணித்தியாலத்துக்கு முன், தண்ணீரும் பால் கலக்காத பிளேன்ரீயும் 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் இரைப்பையில் தயிராகத் தங்கும். மயக்கத்தில் அது மேலேறிச் சுவாசப்பைக்குள் போனால் ஆபத்து.

முதல் நாள் பின்னேரம் வாட்டில் ஒப்பப் படிவம் நீட்டுவார்கள். தமிழில் தரச் சொல்லுங்கள், அல்லது தமிழில் வாசித்துக் காட்டக் கேளுங்கள். எந்தப் பக்கம், என்ன ஒப்பரேசன் என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஒப்பமிட வேண்டாம். இடது வலது உள்ள உறுப்பென்றால், விழிப்போடு இருக்கும்போதே தோலில் அடையாளம் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில் அதுவும் ஒன்று. 8 நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது.

வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போது (டிஸ்சார்ஜ்) தரும் டயக்னோசிஸ் கார்டில் செய்த ஒப்பரேசனின் பெயர், வெட்டி எடுத்ததன் பரிசோதனை முடிவு எப்போது வரும், எந்த நம்பருக்கு அழைப்பது, மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புல்மோட்டை, வெருகல் பக்கத்தவர்கள் குடல் ஒப்பரேசன் என்றால் முதல் சில நாள் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே அதே வாட்டுக்குத் திரும்புங்கள்.