ஏ4357: பல வருஷம் பில் போட்ட அப்புறம் எழுதறது

பிசிஷியன் பில்லிங்ல இருந்த பிரண்ட் ஒருத்திய இப்ப டிஎம்இ டீமுக்கு, அதாவது வீட்டுல யூஸ் பண்ற மெடிக்கல் சாமானுக்கு பில் போடற டீமுக்கு மாத்திட்டாங்க, அதுவும் யூராலஜி சப்ளைஸ், யூரின் பேக், கேத்திட்டர் டியூப் மாதிரி. எப்படி இருக்கும், ரொம்ப கஷ்டமான்னு நேத்து நைட் ஷிஃப்ட் பிரேக்ல கேட்டா. அவளுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டுகிட்டே போச்சு, சென்னைல இதே அமெரிக்கா பில்லிங் பாக்கறவங்க எத்தனையோ பேர் இருக்கோம், அதான் எல்லாருக்கும் சேத்து போட்டுடறேன்.

கஷ்டம்லாம் இல்ல. டாக்டர் பண்ற வேலைக்கான சிபிடி கோட் பாத்துட்டு வந்தவங்களுக்கு, சாமானுக்கான ஹிக்பிக்ஸ் கோட் ஒரு வாரத்துல பழகிடும். ஏ4357னா கட்டில் பக்கம் மாட்டற யூரின் பேக், ஏ4358னா கால்ல கட்டிக்கற வினைல் பேக், ஏ5112 அதே லெக் பேக் லேடெக்ஸ்ல. மெடிகேர்ல, அதாவது அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்ல, மொத ரெண்டுக்கும் மாசம் ரெண்டு, லேடெக்ஸுக்கு மாசம் ஒண்ணு. இதுக்கான மெடிகேர் பாலிசி நம்பர் எல்33803, க்ளைம் பாக்கற நாலு ஜூரிஸ்டிக்‌ஷனுக்கும் ஒரே ரூல், அத ஒரு தடவ பொறுமையா படிச்சுட்டா பாதி டினையல், அதாவது க்ளைம மறுக்கறது, வரவே வராது. எனக்கு ரொம்ப பிடிச்சது ஏ4351, அதாவது அப்பப்ப போட்டு எடுக்கற கேத்திட்டர். 2008 ஏப்ரலுக்கு முன்னாடி மாசத்துக்கு நாலு தான் குடுப்பாங்க, அதையே கழுவி கழுவி திரும்ப போட்டுக்கணும். இப்ப 200 வரைக்கும் உண்டு, ஒவ்வொரு தடவையும் புதுசு. முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு அந்த க்ளைம்ல 200னு யூனிட் போடும்போதெல்லாம் தோணும், நெஜமாவே சந்தோஷமா இருக்கும்.

ஆனா ஏ4357. இத்தன வருஷம் ஆகியும் இந்த ஒரு கோட் மேல இருக்கற கடுப்பு எனக்கு குறையல. டிஸ்கிரிப்ஷன எடுத்து பாரு, ஆன்ட்டி ரிஃப்ளக்ஸ் வால்வ் இருந்தாலும் இல்லாட்டியும், டியூப் இருந்தாலும் இல்லாட்டியும், எல்லாத்துக்கும் இதே கோட் தான். அந்த வால்வ் எதுக்கு இருக்கு, பேக்ல எறங்கின யூரின் திரும்ப டியூப் வழியா மேல போகாம இருக்க, பேஷன்ட்ட பொரட்டி படுக்க வைக்கும்போது பேக் கொஞ்சம் தூக்கிடுச்சுன்னா கூட அது காப்பாத்தும். ஃபோலி, அதாவது உள்ளயே விட்டு வைக்கற கேத்திட்டர் போட்டு படுத்தே இருக்கறவங்களுக்கு இன்ஃபெக்ஷன் தானே மொத பயம். அப்படிப்பட்ட வால்வ் இருக்கற பேக்குக்கும் இல்லாத பேக்குக்கும் ஒரே ஃபீ, ஒரே லிமிட். அப்ப காசு பாக்கற சப்ளையர் எத அனுப்புவான் சொல்லு.

கேத்திட்டர்ல மட்டும் எல்லாத்தயும் பிரிச்சு வச்சிருக்காங்க. லேடெக்ஸ் ஃபோலிக்கு ஏ4338, சிலிக்கானுக்கு ஏ4344, நுனி வளைஞ்ச கூடே டிப்புக்கு ஏ4352ன்னு தனித்தனியா, அதுலயும் கூடே கேட்டா நேர் டிப் ஏன் போக மாட்டேங்குதுன்னு டாக்டர் நோட்ஸ் வேணும். இவ்ளோ நுணுக்கமா யோசிக்க தெரிஞ்சவங்க பேக்ல மட்டும் ஏன் விட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. நியாயமா சொன்னா, கோட் கம்மியா இருந்தா பில்லிங் சுலபம், சின்ன சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் கோட் போட்டா யாராலயும் சமாளிக்க முடியாது, அதுவும் சரிதான். ஆனா வால்வ் சின்ன வித்தியாசம் இல்லீங்க.

இதுல கொடுமை என்னன்னா நம்ம ஸ்கிரீன்ல எதுவுமே தெரியாது. கேஎக்ஸ் மாடிஃபையர், அதாவது பாலிசி ரூல் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ற குறி இருக்கு, யூனிட் ரெண்டு, க்ளைம் க்ளீனா போய் பேமென்ட் வந்துடும், டினையலே இல்ல, எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு பேஷன்டோட பொண்ணு பேஷன்ட் கட்ட வேண்டிய இருபது பர்சென்ட் பேலன்ஸ் பத்தி பேச கூப்பிட்டவங்க, பழைய பேக் நல்லா இருந்துச்சு இப்ப வர்றதுல வால்வே இல்லயேன்னு கேட்டாங்க. சப்ளையர் சைடுல அவங்களுக்கு கெடச்ச பதில், கோட் மாறலயே மேடம், அதே ஐட்டம் தான். பேப்பர்ல பாத்தா அது உண்மைதான், அந்த பதில எதிர்த்து அப்பீல் போடக்கூட வழி இல்ல, பணம் வந்துட்ட க்ளைமுக்கு எங்க போய் அப்பீல் போடறது?

மார்க் போட சொன்னா மத்த கோட் எல்லாத்துக்கும் தாராளமா போடுவேன், லாஜிக் இருக்கு, ரூல் தெளிவா இருக்கு, கத்துக்கறவங்களுக்கு நல்ல இடம். ஆனா இந்த யூராலஜி கோட் செட் மொத்தமா உனக்கு பிடிக்குமான்னு என்ன கேட்டா இன்னிக்கு பிடிக்கலன்னு தான் சொல்வேன்.

உனக்கு வேலைக்கு ஆகறத சொல்லிடறேன். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு லெக் பேக் பில் பண்ணா கண்டிப்பா டினை ஆகும், நடக்கறவங்களுக்கும் வீல்சேர்ல இருக்கறவங்களுக்கும் மட்டும் தான். ஏ4314, அதாவது ஃபோலி கேத்திட்டர் போடற ட்ரே போச்சுன்னா அதுக்குள்ளயே பேக் இருக்கு, கூட ஏ4357 தனியா போடாத. ஆர்டர்ல டாக்டர் ஆன்ட்டி ரிஃப்ளக்ஸ்னு எழுதிருந்தா டெலிவரி ஸ்லிப்ல இருக்கற ப்ராடக்ட் நம்பரோட ஒத்து பாரு, மேட்ச் ஆகலன்னா க்ளைம அனுப்பறதுக்கு முன்னாடி க்ளையன்ட்டுக்கு மெயில் போடு. அந்த டயத்துல கேட்டா தான் மாத்தி அனுப்புவாங்க.