கிச்சன் ஐலண்டுக்கு மின்சாரம்: தரை வழியா, சீலிங் வழியா?

கோலாலம்பூரில் வீடு புதுப்பிக்கிறவர்கள் பலரும் இப்போது லேசான சமையலுக்கான டிரை கிச்சனில் ஓர் ஐலண்ட், அதாவது நடுவே தனித்து நிற்கும் மேடை, கேட்கிறார்கள். மேடை அழகாக வந்துவிடும். மிக்சிக்கு பிளக் எங்கே என்ற கேள்வி டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் எழும். எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டுவது பேச்சுக்கே வேண்டாம். மிதிபட்டு நசுங்கும், சூடேறினாலும் தெரியாது. மிச்சம் இருப்பது இரண்டு வழி.

தரை வீடு, அதிலும் டைல்ஸை எப்படியும் பெயர்க்கப் போகிறீர்கள் என்றால், தரையை வெட்டி பிவிசி பைப் பதித்து அதற்குள் வயரை இழுப்பதுதான் சரி. குளிர்நாடுகளில் தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய்கள் ஓடும். வயரை அந்தச் சூட்டிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் தொல்லை கரையான். பின்னாளில் மருந்து இறக்க வருபவர் சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போடுவார். பைப் சுவரை ஒட்டியே ஓடியிருந்தால் டிரில் அதில்தான் இறங்கும். ஆகவே சுவரிலிருந்து இறங்கியதும் பைப் நேராக நடுத்தரைக்குத் திரும்பட்டும். சிமெண்ட் பூசுவதற்குமுன் பக்கத்தில் அளவு நாடாவை விரித்து, எண்கள் தெரியப் படம் எடுத்து வையுங்கள். மருந்துக்காரர் வரும்போது அதைக் காட்டலாம்.

கொண்டோவில் நான் தரையைத் தொடச் சொல்லமாட்டேன். சில கட்டடங்களில் தளத்துக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் ஆபத்து. மேற்பூச்சை மட்டும் வெட்டலாம் என்றாலும் அதன் கனம் தெரிய வேண்டும், நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். அங்கே பிளாஸ்டர் சீலிங்குக்கு மேலே வயரை ஓட்டி, ஐலண்டின் ஓரத்தில் மெல்லிய தூண் நிறுத்தி அதற்குள் இறக்கலாம். தூண் கொஞ்சம் கண்ணை உறுத்தும்தான். ஆனால் பழுது வந்தால் ஒரு டைல்கூட உடையாது.

அதே சீலிங் வழி ஒற்றை மாடி வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. உச்சி வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் அனல் தகிக்கும். சாதாரண பிவிசி வயர் 30 டிகிரியில் தாங்கும் மின்னோட்டத்தில் 71 சதவீதத்தைத்தான் 50 டிகிரியில் தாங்கும். அதற்கேற்பத் தடித்த வயர் போட வேண்டும்.

எந்த வழியானாலும் உரிமம் உள்ள வயர்மேனை வையுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி கருவி கட்டாயம் இருக்கட்டும். 7 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் அதற்குப் பற்றாது, வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் டிபி பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். இப்போதைக்கு அடுப்பு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், தரை திறந்திருக்கும்போதே 25 மில்லிமீட்டர் காலி பைப் ஒன்றைக் கூடவே பதிக்கச் சொல்லுங்கள்.