குடைமிளகாய் வாசம் பிடிக்காதவர்கள் இந்த ஒயினை வாங்க வேண்டாம்

ஷினோனிலிருந்து தூக்கி வந்த 6 சிவப்பு ஒயின் பாட்டிலில் 5 முடிந்துவிட்டது. அதில் ஒன்று சமையலறை சிங்க்கில் போனது, அந்த வயிற்றெரிச்சலைக் கடைசியில் சொல்கிறேன். மற்ற நான்கையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், முதல் மடக்கின் மயக்கத்தில் எழுதியது இல்லை.

பிரான்சில் தூர் நகரத்திலிருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஷினோன். வியன் ஆறு, மேட்டில் ஒரு கோட்டை, 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து இன்னும் முடிசூடாத ஏழாம் சார்லஸைச் சந்தித்த இடம், பார்ப்பவர்கள் பார்க்கலாம். எனக்கு வேலை ஊருக்கு வெளியே. கணவனும் மனைவியுமாக நடத்துகிற சின்னத் திராட்சைத் தோட்டம், அறுவடை நேரத்தில் மட்டும் கூடுதலாக ஆள் வைக்கிறார்கள். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. காரணம் அந்தச் சிங்க்கில் போன பாட்டில்.

இந்தப் பக்கத்தில் சிவப்பு ஒயின் என்றால் கபர்னே ஃப்ராங் திராட்சைதான், உள்ளூர்க்காரர்கள் 'ப்ரெத்தோன்' என்கிறார்கள். ஷினோனுக்கு 1937இல் அப்பலாசியோன், அதாவது விதிகளுக்கு உட்பட்டு ஊர்ப் பெயரை ஒயினுக்குப் போட்டுக்கொள்ளும் உரிமை, கிடைத்தது. அந்த விதிப்படி 10 சதவீதம் வரை கபர்னே சோவின்யோன் கலந்துகொள்ளலாம், இவர்கள் அதைக்கூடக் கலப்பதில்லை, ஒரே திராட்சை. இதில் வேடிக்கை, உலகமெல்லாம் பேர் வாங்கிய அந்தக் கபர்னே சோவின்யோனே இதன் பிள்ளை. கபர்னே ஃப்ராங்குக்கும் சோவின்யோன் ப்ளாங் என்கிற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனை செய்து 1997இல் வெளியிட்டார்கள். பிள்ளையைத் தெரிந்த அளவுக்குப் பெற்றவரை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் இதைப் பெரும்பாலும் மெர்லோ என்கிற வேறொரு சிவப்புத் திராட்சையோடு சேர்த்துவிடுவார்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மெர்லோ தாங்கிப் பிடிக்கும். தனியாக வரும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

நிலவறை தூஃபோ கல்லைக் குடைந்து செய்தது. லுவார் ஆற்றுப் பக்கத்து அரண்மனைகளைக் கட்டிய அதே வெளிர் சுண்ணாம்புக்கல், நகத்தால் கீறினால் மாவு மாவாக உதிர்கிறது. வெளியே நல்ல வெயில், உள்ளே 12 டிகிரி போல, டி-ஷர்ட்டோடு போன நான் பத்து நிமிடத்தில் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டேன். அந்தம்மா இரண்டு கிளாஸ் வைத்து 2021 அறுவடையின் ஒயினையும் 2022 அறுவடையின் ஒயினையும் பக்கம் பக்கமாக ஊற்றினார். எதுவும் சொல்லவில்லை, குடித்துப் பார் என்கிற மாதிரி ஒரு பார்வை.

2022 கொளுத்திய வருடம். கறுப்புச் செர்ரி, நல்ல கனம், வாய் நிறைய இருக்கிறது, யாருக்கும் பிடிக்கும். 2021 அப்படியில்லை. அந்த ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்கப் பனி விழுந்து இளம் துளிரெல்லாம் கருகிப்போனது, பல தோட்டங்களில் ராத்திரி முழுக்க வரிசைக்கு வரிசை நெருப்பு மூட்டிக் காவல் இருந்தார்கள். கோடையும் குளிர்ச்சி. அந்த வருடத்து ஒயினில் மூக்கை வைத்ததும் முதலில் வருவது பழம் இல்லை, இப்போதுதான் நறுக்கிய பச்சைக் குடைமிளகாய். அப்புறம் பென்சில் சீவிய தூள், அதற்குப் பின்னால்தான் ராஸ்பெர்ரி. கற்பனை இல்லை, குடைமிளகாயில் இருக்கிற அதே மெத்தாக்ஸிபைரசின் என்கிற வாசப் பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கக் குறையும், குளிர் வருடத்தில் தங்கிவிடும்.

நிறையப் பேர் இதைக் குறை என்பார்கள். எனக்கு 2021தான் பிடித்தது. 2022ஐக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வேறு எந்த வெயில் ஊர் ஒயின் என்றும் சொல்லிவிடலாம், 2021ஐ அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பச்சை வாசம் ஒரு அளவுக்குள் இருக்க வேண்டும், அது உண்மை. இது அந்தக் கோட்டில் நிற்கிறது, தாண்டவில்லை. மூன்று 2021, மூன்று 2022 எடுத்தேன். பாட்டில் 11 யூரோ.

வீட்டுக்கு வந்து முதல் பாட்டிலை நானே கெடுத்துக்கொண்டேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எவனோ சொன்னதை நம்பி, ஜூலை மாதம், சமையலறை மேசையில் இருந்ததை அப்படியே திறந்து ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறியது. துவர்ப்பு நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது, பழ ருசி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தால் அதே பாட்டில், வேறு ஒயின். நிலவறையில் அந்தம்மா ஏன் குளிர்ந்ததையே ஊற்றினார் என்று அப்போதுதான் உறைத்தது. 14, 15 டிகிரி சரியாக இருக்கிறது. கிளாஸில் மெல்லச் சூடேறும்போது வாசம் மாறிக்கொண்டே போவதும் ஒரு சுகம், 18ஐத் தாண்டினால் திரும்பவும் ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

கூட என்ன சாப்பிடலாம்? செயின்ட் மோர் த தூரேன் என்று அந்த வட்டாரத்து ஆட்டுப்பால் சீஸ், உருளையாக, மேலே சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி ஓடும். குச்சியை உருவிவிட்டு வெட்டி, ஒரு துண்டு வாயில் போட்டு அதன் மேல் 2021ஐ ஒரு மடக்கு. சீஸின் புளிப்பும் ஒயினின் புளிப்பும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு பழ ருசி மேலே வந்துவிடுகிறது. வறுத்த கோழிக்கும் பரவாயில்லை. இனிப்புக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, அந்தப் பாட்டில். விருந்தாளி வந்த அன்று திறந்த 2022. கார்க்கை முகர்ந்தபோதே சந்தேகம், ஊற்றினால் மழையில் நனைந்து ஊறிய அட்டைப்பெட்டி வாசம். டிசிஏ, கார்க்கிலிருந்து ஏறும் கெட்ட வாசம், பாட்டிலை என்ன செய்தும் அது போகாது. நல்ல தோட்டத்துக்கும் நடக்கிற விஷயம்தான், அதில் எனக்குக் கோபமில்லை. படம் எடுத்து எழுதினேன், பத்து நாள் கழித்து பதில் வந்தது: அடுத்த தடவை வரும்போது கார்க்கோடு பாட்டிலைக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். 11 யூரோ பாட்டிலுக்கு ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்கள்! அதற்குள் பாட்டில் மறுசுழற்சிக்குப் போய்விட்டது, வேறு.

இருந்தாலும் இந்த விலைக்கு இவ்வளவு சொந்த முகம் உள்ள சிவப்பு ஒயின் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. ஆற்றங்கரைச் சரளை மண்ணில் விளைந்தது, பல வருடம் வைத்துக் குடிக்கிற ரகம் இல்லை, அதற்குச் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் விளைந்ததை வாங்க வேண்டும், விலையும் ஏறும். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு 2021. ஃப்ரிட்ஜ் கதவில் குறுக்காகச் செருகி வைத்திருக்கிறேன், சீஸ் கிடைக்கிற அன்றைக்கு.