சர்வரை நிறுத்தாமல் கான்ஃபிக் மாற்ற எந்த வழி?

ஆப்பின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் டைம்அவுட்டை 30 நொடியிலிருந்து 45 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக டாம்கேட்டை (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்) நிறுத்தி ஏற்றினால், உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் பாதியில் தவிப்பார்கள். இதைத் தவிர்க்க ஜாவாவில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, ஆப்பை மட்டும் ரீலோட் செய்வது. ஆப்பின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லின் மாற்ற நேரம் மாறினால் போதும், டாம்கேட் கவனித்து ஆப்பையே மறுபடி ஏற்றிவிடும். ஆனால் ஏதாவது ஒரு த்ரெட் (ஆப்புக்குள் தனியாக ஓடும் வேலை) பழைய கிளாஸ்லோடரை, அதாவது ஆப்பின் கோடை மெமரியில் ஏற்றிய பகுதியை, பிடித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு ரீலோடுக்கும் மெமரி கசியும். டெவலப்பர் மெஷினுக்குச் சரி, புரொடக்‌ஷனுக்கு வேண்டாம்.

அடுத்தது ஜாவா 7-இல் வந்த வாட்ச்சர்வீஸ், கோப்பு மாறினால் ஆப்புக்குச் சொல்லும் வசதி. லினக்ஸில், கோப்பு மாற்றங்களை கெர்னலே அறிவிக்கும் ஐநோட்டிஃபை மூலம் இயங்குவதால் மாற்றம் உடனே தெரிந்துவிடும். எனக்கும் ஆரம்பத்தில் இதுதான் பிடித்தது. ஒருமுறை முதல் மாற்றம் ஒழுங்காக வந்தது, இரண்டாவது வரவே இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான், மாற்ற நிகழ்வுகளை எடுத்த பின், அவற்றைத் தரும் கீ என்ற ஆப்ஜெக்டின் ரீசெட்டைக் கூப்பிட மறந்தது தெரிந்தது. இது கவனிப்பது கோப்பை அல்ல, கோப்புறையை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், அமைப்புகளை வைக்கும் கான்ஃபிக்மேப்பைக் கோப்புறையாக மவுண்ட் செய்தால், உள்ளே ஒரு சிம்லிங்க்தான் (வேறொரு இடத்தைக் காட்டும் இணைப்பு) மாறும், உங்கள் கோப்பின் பெயர் நிகழ்வுகளில் வராது. நெட்வொர்க்கில் பல மெஷின்கள் பகிரும் என்எஃப்எஸ் கோப்புறையில் வேறொரு மெஷினிலிருந்து செய்த மாற்றமும் இதற்குத் தெரியாது.

மூன்றாவது, சில நொடிக்கொரு முறை கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்ப்பது. பழைய முறைதான், ஆனால் மேலே சொன்ன இரண்டு இடங்களிலும் இது வேலை செய்யும். என் முதல் தேர்வு இதுவே. இதற்கு அப்பாச்சியின் கமன்ஸ் கான்ஃபிகரேஷன் என்ற லைப்ரரி இருக்கிறது. அதன் பதிப்பு 1-இல் கோப்பு மாற்றத்தைக் கவனிக்கச் சொன்னால் இயல்பாகவே 5 நொடி இடைவெளி. பதிப்பு 2-இல், இடைவெளி விட்டுப் பார்க்கும் டிரிக்கரை நாமே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதோடு, மதிப்பு தேவைப்படும்போதெல்லாம், கான்ஃபிக் ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் பில்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கிய ஆப்ஜெக்டையே வைத்திருந்தால் பழைய மதிப்புதான் வரும். நீங்களே எழுதினால், நேரம் "அதிகமா" என்று பார்க்காதீர்கள், "வேறா" என்று பாருங்கள். பேக்கப்பிலிருந்து திரும்பப் போட்ட கோப்புக்குப் பழைய நேரமே இருக்கலாம்.

நான்காவது, ஸ்பிரிங் கிளவுட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் ரெஃப்ரெஷ். கான்ஃபிக்கை மறுபடி படிக்கும் இது, நாம் கூப்பிட்டால்தான் நடக்கும். எந்த நேரத்தில் மாறியது என்பது நம் கையில் இருப்பது பெரிய நிம்மதி. பத்து இன்ஸ்டன்ஸ் ஓடினால் பத்தையும் கூப்பிட வேண்டும், அல்லது ஒரே அழைப்பை எல்லாவற்றுக்கும் அனுப்பும் ஸ்பிரிங் கிளவுட் பஸ் வேண்டும். ஆப்பை வெளியிலிருந்து நிர்வகிக்க உதவும் ஆக்சுவேட்டரில் ரெஃப்ரெஷுக்கான முகவரியைத் திறக்கும்போது, யார் வேண்டுமானாலும் கூப்பிட முடியாதபடி பூட்டு போட மறக்காதீர்கள்.

எதை எடுத்தாலும், ஆப் இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் பிராப்பர்ட்டீஸ் ஆப்ஜெக்டுக்குள்ளேயே (அமைப்புகளின் பெயரும் மதிப்பும் இருக்கும் ஆப்ஜெக்ட்) புதுக் கோப்பை லோட் செய்யாதீர்கள். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் புது யூஆர்எல்லையும் பழைய பாஸ்வேர்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். தனி ஆப்ஜெக்டாக முழுசாகப் படித்து, சரிபார்த்து, அப்புறம் வாலட்டைல் ஃபீல்டில் (மாற்றம் எல்லா த்ரெட்டுக்கும் உடனே தெரியும் மாறி) ஒரே அடியாக மாற்றுங்கள். சரிபார்ப்பில் தோற்றால் லாகில் எழுதிவிட்டுப் பழையதே ஓடட்டும். கோப்பை மாற்றுபவரும் வேறு பெயரில் எழுதி, அதே கோப்புறையில் பெயர் மாற்றினால் அரைகுறைக் கோப்பு நம்மிடம் வராது.

டேட்டாபேஸ் பூல், அதாவது முன்பே திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு, அதன் அளவு மட்டும் தனிக் கதை. புது எண்ணைப் படித்துவிட்டால் ஏற்கெனவே திறந்திருக்கும் பூல் தானாக மாறாது, பூலிடமே போய்ச் சொல்ல வேண்டும்.